சாமலா பள்ளத்தாக்கின் பயணி: கென்னத் ஆண்டர்சனின் வாழ்வும் எழுத்தும்

தமிழில் பயண இலக்கியம் என்றால் கடல் கடந்து சென்றவர்களின் நூல்களே முதலில் பேசப்படுகின்றன. ‘உலகம் சுற்றும் தமிழன்’ எழுதிய ஏ. கே. செட்டியார், காந்தியடிகளைப் பற்றிய ஆவணப்படத்துக்காகக் கண்டம் விட்டுக் கண்டம் சென்று படச்சுருள் திரட்டி, 1940இல் அதைத் திரையிட்ட வரலாறு இன்று பாடநூல் அளவுக்கு அறிமுகமாகியிருக்கிறது. அதே காலத்தில், சென்னை மாகாணத்திலும் அதை அடுத்த மைசூரிலும், நெடுந்தொலைவு போகாமல் அருகிலுள்ள காடுகளுக்கே திரும்பத் திரும்பச் சென்று, அங்கு கண்ட விலங்குகளையும் மனிதர்களையும் நாற்பதாண்டுக் காலம் மனத்தில் சேர்த்துவைத்து எழுதிய ஒருவர், ஆங்கிலத்தில் எழுதினார் என்பதாலும் வேட்டைக்காரர் என்ற முத்திரை விழுந்துவிட்டதாலும், பயண எழுத்தாளர் வரிசையில் வைத்து எண்ணப்படுவதில்லை. அவர் கென்னத் ஆண்டர்சன். அவருடைய புகழ்பெற்ற கதைகளில் சில நிகழும் களம் இன்றைய சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் மலைக்காடு என்பதனால், ஆரணியாற்றங்கரையில் நகரி மலைகளைப் பார்த்தபடி இருக்கும் பிச்சாட்டூரில் அவரைப் பற்றிப் பேசுவது முறையானது. பேசாமல் விட்டிருந்ததே குறை.

களத்தின் வரலாற்றை ஓரளவு சொல்லியாக வேண்டும். சித்தூர் மாவட்டம் 1911இல், பழைய வடஆர்க்காடு மாவட்டத்தின் பகுதிகளையும் கடப்பை மாவட்டத்தின் பகுதிகளையும் சேர்த்து உருவாக்கப்பட்டது. மொழிவழி மாநிலப் பிரிவினையின் பின்விளைவாக 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி வட்டம் சென்னை மாநிலத்துக்கு வந்தது. சத்தியவேடு பக்கத்துச் சிற்றூர்கள் ஆந்திரத்துக்குச் சென்றன. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. மனிதர்கள் வரைந்த இக்கோடுகள் இத்தனை முறை மாறியபோதும், திருமலையிலிருந்து வடமேற்கே பாக்கராப்பேட்டை, தலக்கோனை வரையிலும் வடக்கே கடப்பையை நோக்கியும் நீளும் சேஷாசல மலைத்தொடர் ஒரே காடாகவே இருந்துவருகிறது. வெயிலில் வெடித்த பாறைச் சரிவுகள், கோடையில் இலையுதிர்த்து நிற்கும் மரங்கள், ஓடை ஓரங்களில் மூங்கில், உலகில் இம்மலைகளையும் இவற்றை அடுத்த குன்றுகளையும் தவிர வேறெங்கும் இயல்பாக வளராத செம்மரம் ஆகியவை இக்காட்டின் அடையாளங்கள். இதற்குள் அடங்கிய ஒரு பகுதியே சாமலா பள்ளத்தாக்கு.

ஆண்டர்சன் 1910 மார்ச் 8 அன்று ஐதராபாத்தை அடுத்த பொலாரத்தில் பிறந்தார். பல தலைமுறைகளாக இந்தியாவிலேயே தங்கிவிட்ட ஸ்காட்லாந்துக் குடும்பம் அவருடையது. தந்தை இராணுவக் கணக்குத் துறையில் பணியாற்றியவர். பெங்களூரில் பிஷப் காட்டன் பள்ளியிலும் புனித ஜோசப் கல்லூரியிலும் படித்த பின், சட்டம் பயில எடின்பரோவுக்கு அனுப்பப்பட்டவர், படிப்பை முடிக்காமலே திரும்பி வந்துவிட்டார். பிறகு அஞ்சல் தந்தித் துறையிலும், இன்று இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் என்று அறியப்படும் பெங்களூர் விமானத் தொழிற்சாலையிலும் வேலை பார்த்தார். இவ்விவரத்துக்கு ஒரு பொருள் உண்டு: அவர் ஜமீன்தாரோ, மகாராஜாக்களின் விருந்தினரோ, காடு முழுவதையும் தம் ஆட்சியில் வைத்திருந்த மாவட்ட அதிகாரியோ அல்லர், மாதச் சம்பளம் வாங்கி, விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் காட்டுக்குப் போனவர். விடுப்பு முடிவதற்குள் புலியைக் காணாமல் திரும்பிய பயணங்களும் அவருடைய நூல்களில் உள்ளன என்பதும், அத்தோல்விகளை அவர் மறைக்கவில்லை என்பதும் கவனிக்கத்தக்கவை. தமிழும் கன்னடமும் அவருக்குப் பேச்சுமொழிகள். காட்டோரத்து ஊர்களில் மொழிபெயர்ப்பாளர் துணையின்றி நேரே உரையாட முடிந்ததே அவருடைய எழுத்தின் முதல் மூலதனம் எனலாம்.

அரசுப் பதிவுகளின்படி 1939 முதல் 1966 வரையிலான காலத்தில் அவர் சுட்ட ஆட்கொல்லிகள் 8 சிறுத்தைகளும் 7 புலிகளுமாகும். ஆட்கொல்லி என்பது தற்செயலாக ஒருமுறை மனிதனைத் தாக்கிய விலங்கைக் குறிப்பதன்று. மனிதனையே இரையாகக் கொள்ளும் வழக்கத்துக்கு மாறிவிட்டது என்று உறுதி செய்யப்பட்டு, அதைக் கொல்ல அரசு அறிவிப்பு வெளியிட்ட விலங்கையே அப்பதிவுகளில் அச்சொல் குறிக்கும். 1954இல் லண்டனில் வெளியான அவருடைய முதல் நூல், ஒன்பது ஆட்கொல்லிகளையும் ஒரு மதயானையையும் தலைப்பிலேயே கொண்டது. அதன் பின் 1957, 1959, 1961 என்று அடுத்தடுத்து நூல்கள் வந்தன. அன்றைய சேலம் மாவட்டத்தின் ஜவளகிரி, அஞ்செட்டி, பென்னாகரம்; நீலகிரி அடிவாரத்துச் சீகூர்; மைசூரின் மலைநாடு; சித்தூரின் சாமலா என்று விரியும் இக்களங்களை ஒரு வரைபடத்தில் குறித்துப் பார்த்தால், தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசப்படும் எல்லைப்புறக் காடுகளின் வரைபடமாகவே அது அமையும். அக்காலத்து அரசு ஆவணங்களில் மரத்தின் கன அடியும் மேய்ச்சல் வரியும் மட்டுமே பதிவான இடங்களுக்கு அவருடைய நூல்கள் ஊர்ப்பெயர், ஓடைப்பெயர், மனிதப்பெயர் ஆகியவற்றை அளித்தன. அவரைப் பயண எழுத்தாளராகக் கருத வேண்டும் என்ற இச்சொற்பொழிவின் கருத்துக்கு அடிப்படை இதுவே.

முதல் நூலில் சாமலா பள்ளத்தாக்கைப் பற்றிய கதை இடம்பெறுகிறது; இரண்டாம் நூலில் மாமண்டூர்க் கதை இருக்கிறது. சாமலாவைப் பற்றி எழுதும்போது நாகபட்லா, புலிபோனு, குண்டல்பென்டா, உம்பல்மேரு ஆகிய வனவிடுதிகளின் பெயர்களை அவர் வரிசையாகக் குறிக்கிறார். வனவிடுதி என்பது காட்டிலாகா அதிகாரிகள் சுற்றுப்பயணத்தின்போது இரவு தங்குவதற்காக, ஏறக்குறைய ஒரு நாள் நடைத் தொலைவுக்கு ஒன்றாக, ஆங்கிலேயர் காலத்தில் கட்டப்பட்ட சிறு கட்டடம்; இரண்டு அறைகள், முன்புறம் ஒரு தாழ்வாரம், சற்றுத் தள்ளிச் சமையல் கொட்டகை, ஒரு கிணறு, ஒரு காவலாள் என்பதே பெரும்பாலும் அதன் அமைப்பு. அரிசியும் மண்ணெண்ணெயும் தங்குபவரே கொண்டுவர வேண்டும். அக்காவலாளே ஊர்ச் செய்தி அனைத்தையும் அறிந்தவர்; எந்தப் பக்கம் மாடு அடிபட்டது, எந்த ஓடையில் நீர் வற்றவில்லை, மூங்கில் வெட்டச் சென்றவர்கள் ஏன் பாதியில் திரும்பினார்கள் என்பதெல்லாம் அவரிடமிருந்தே தெரியவரும். ரங்கம்பேட்டையை அடுத்து இன்று திருப்பதிக்குக் குடிநீர் தரும் கல்யாணி அணை நிற்கும் சுற்றுவட்டாரத்தை, அணை வருவதற்கு முந்தைய காலத்தில் காட்டுவழியாக எண்ணிப் பார்க்க விரும்புபவருக்கு இப்பக்கங்களை விட்டால் வேறு துணை அதிகமில்லை.

மாமண்டூர் ரேணிகுண்டாவுக்கு வடக்கே, சென்னையிலிருந்து பம்பாய் செல்லும் இருப்புப்பாதையில் காட்டுக்கு நடுவே அமைந்த சிறு நிலையம். இருபுறமும் மலை, நடுவில் தண்டவாளம். இரவு முழுவதும் வண்டிகள் கடந்து செல்லும் அவ்விடத்தில், நிலையத்தின் விளக்கொளிக்கு அப்பால் சில நூறு அடியிலேயே புலியின் நிலம் தொடங்கியது என்பதை இன்றைய பயணி நம்புவது அரிது. இருப்புப்பாதை காட்டை ஊடுருவிச் சென்றபோதும் புலியை விரட்டிவிடவில்லை. மாறாக, பாதையைப் பேணும் தொழிலாளரும், விறகு சேர்ப்பவரும், மூங்கில் ஏற்றுமதிக்காகக் கூடாரமிட்டவரும் புலியின் வழியில் அன்றாடம் நடக்கும் நிலையை உண்டாக்கியது. நாகரிகம் ஒருபுறம், காடு ஒருபுறம் என்று பிரித்து எழுதும் எளிய வழக்கத்தை இந்நிலப்பரப்பு ஏற்பதில்லை.

புலி ஏன் ஆட்கொல்லியாகிறது என்ற வினாவுக்கு ஆண்டர்சன் தரும் விடையே அவருடைய சிந்தனையின் நடுப்புள்ளி. இயல்பான புலி மனிதனைக் கண்டால் விலகிச் செல்லும். காயமோ, முதுமையோ, பல் முறிவோ அதன் வேட்டைத் திறனைக் குறைக்கும்போது, ஓட்டமும் வலிவும் குறைந்த இரையாக மனிதன் அதற்குத் தென்படுகிறான். அக்காயத்தைப் பெரும்பாலும் ஏற்படுத்துபவனும் மனிதனே. நாட்டுத் துப்பாக்கியில் ஈயக் குண்டுகளை இட்டு இருட்டில் சுட்டுவிட்டு, அடிபட்ட விலங்கைத் தேடிச் சென்று முடிக்காமல் வீடு திரும்பும் கள்ள வேட்டைக்காரனும், பொழுதுபோக்குக்காகச் சுட்டுக் குறி தவறிய நகரத்துக் கனவானும் இவ்வகையில் ஒரே குற்றத்தையே செய்கிறார்கள். ஜவளகிரிப் புலியின் கதை இதற்குச் சான்று: இணையைத் துப்பாக்கிக்கு இழந்த ஒரு பெண்புலி, பின்னர்த் தானும் குண்டடிபட்டு ஆட்கொல்லியாக மாறியதாக அவர் எழுதுகிறார். கும்மளாபுரத்துச் சிறுத்தை இன்னும் நுண்ணிய சான்று. 42 பேரைக் கொன்றதாக அவர் குறிப்பிடும் அவ்விலங்கு கொல்லப்பட்ட பின் அதன் முன்னங்காலைப் புரட்டிப் பார்த்தபோது, பாதத்தின் சதைகளுக்கு இடையே முறிந்த முள்ளம்பன்றி முட்கள் பதிந்திருந்தன. ஊரார் பேய் என்றும் பிசாசு என்றும் அஞ்சி, கதவடைத்து, மாலையிலேயே விளக்கு வைத்து ஒடுங்கியிருந்த காலம் முழுவதும், அச்சத்தின் காரணம் விரலளவு நீளமுள்ள முள்ளாக ஒரு விலங்கின் காலுக்குள் புதைந்து கிடந்திருக்கிறது. கொன்று முடித்தவர் வெற்றியைக் கொண்டாடாமல் பாதத்தைப் புரட்டிக் காரணம் தேடினார் என்ற ஒரு செயலே, அவரைச் சாதாரண வேட்டைக்காரரிடமிருந்து பிரிக்கப் போதுமானது.

வேட்டையின் நடைமுறையையும் சுருங்கக் காண்பது அவர் எழுத்தைப் புரிந்துகொள்ள உதவும். அடிபட்ட மாட்டின் அருகிலோ, இரைக்காகக் கட்டப்பட்ட எருமைக் கன்றின் அருகிலோ உள்ள மரத்தில், தரையிலிருந்து பதினைந்து அடி உயரம் வரை, கயிற்றுக் கட்டில் ஒன்றைக் கவிழாதபடி கட்டிப் பரண் அமைப்பர். பரணை மறைக்க அதே மரத்தின் இலைகளையே பயன்படுத்த வேண்டும். வேற்று மரத்துத் தழை கண்ணுக்கு உடனே தனித்துத் தெரியும். வேலை முழுவதும் மாலைக்கு முன்பே ஓசையின்றி முடிந்து, உதவிக்கு வந்தவர்கள் உரக்கப் பேசிக்கொண்டே திரும்பிச் செல்ல வேண்டும்; அவ்வாறு சென்றால்தான் மனிதர் அனைவரும் போய்விட்டனர் என்று மறைந்திருக்கும் புலி எண்ணும். துப்பாக்கிக் குழாயுடன் பிணைத்த கைவிளக்கு, ஒரு கம்பளி, கொஞ்சம் தேநீர் ஆகியவற்றோடு மேலே அமர்பவர் விடியும் வரை அசையக்கூடாது. புலிக்கு மோப்பம் வேட்டையில் பெரிதும் துணை செய்வதில்லை, கண்ணும் காதுமே அதன் கருவிகள் என்பது ஆண்டர்சனின் உறுதியான கருத்து. இருட்டில் அமர்ந்திருப்பவருக்கோ காது ஒன்றே கருவி. புலி நகரும் பாதையைப் புலி சொல்வதில்லை. மரத்தின் உச்சியிலிருந்து மந்தி முதலில் எச்சரிக்கும், அடுத்துப் புள்ளிமான் கூவும், மலைச்சரிவில் கடமானின் கனத்த குரல் எழும். இக்குரல்கள் எழும் இடங்களை மனத்துள் கோடாக இணைத்தால் அதுவே புலி வரும் தடம். குரல்கள் திடீரென்று அடங்கினால் அது மிக அருகில் நிற்கிறது என்று பொருள். இத்தகைய கேட்டறிதலை இவ்வளவு விரிவாக எழுத்தில் பதிந்தவர் தென்னிந்தியக் காடுகளைப் பொறுத்தவரை மிகச் சிலரே.

அவர் இவ்வித்தையை நூல்களிலிருந்து கற்கவில்லை. சேலம் மாவட்டத்தின் சின்னாற்றங்கரையில் வாழ்ந்த பைரா என்னும் பூசாரி குலத்தவரும், பென்னாகரத்தைச் சேர்ந்த ரங்காவும் அவருடைய ஆசான்கள். இருவருமே சட்டத்தின் பார்வையில் கள்ள வேட்டைக்காரர்கள். இடுப்புத் துணியன்றி வேறு உடைமை இல்லாத பைராவின் பெயரையே, முதல் நூலின் ஓர் அதிகாரத்துக்கு ஆண்டர்சன் தலைப்பாகச் சூட்டினார். ஆட்கொல்லிகளுக்காக எழுதப்பட்ட நூலில் ஒரு மனிதனுக்காக ஒதுக்கப்பட்ட அதிகாரம் அது. ஆங்கிலேயர் எழுதிய வேட்டை நூல்களில் தடம் பார்ப்பவர் பெரும்பாலும் ‘ஷிகாரி’ என்ற பொதுச்சொல்லுக்குள் மறைந்துவிடுவார். அவருக்கு முகமும் பேச்சும் குடும்பமும் இருந்ததாகத் தெரியாது. ஆண்டர்சனிடம் அவருக்குப் பெயர் உண்டு, பசி உண்டு, கோபம் உண்டு, காட்டைப் பற்றித் துரையிடம் மறுத்துப் பேசும் உரிமையும் உண்டு.

அக்காலத்தில் துப்பாக்கியைக் கீழே வைத்துப் படக்கருவியை எடுத்தவர்களும் இருந்தனர். ஐக்கிய மாகாணத்தின் வன அதிகாரி எஃப். டபிள்யூ. சாம்பியன், புலி நடக்கும் வழியில் மெல்லிய கம்பியை இழுத்துக் கட்டி, அதன் கால் பட்டதும் ஒளி வெடித்துப் படம் பதியும் முறையைக் கையாண்டு, 1927இல் அப்படங்களை நூலாக்கினார். இன்று புலிக் கணக்கெடுப்புக்குப் பயன்படும் தானியங்கிக் கேமராவின் முன்னோடி அதுவே. குமாவுனில் ஜிம் கார்பெட் தம் பிற்காலத்தில் அசையும் படக்கருவியோடு புலிகளைத் தொடர்ந்தார். தமிழ்நாட்டில் இவ்வகையில் குறிப்பிட வேண்டியவர் எல்லிஸ் ஆர். டங்கன். 1909இல் ஓஹையோவில் பிறந்து, 1935இல் இந்தியா வந்து, ‘சதி லீலாவதி’, ‘சகுந்தலை’, ‘மீரா’, ‘மந்திரி குமாரி’ முதலிய படங்களை இயக்கிய அந்த அமெரிக்கர், 1950க்குப் பின் காட்டை நோக்கித் திரும்பினார். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் கூட்டுத் தயாரிப்பில் 1952இல் ஆங்கிலத்திலும் தமிழிலும் வெளிவந்த ‘காடு’, பின்னர் 1958இல் புலிவேட்டைக் கதையான ‘ஹாரி பிளாக்’, இந்தியாவில் எடுக்கப்பட்டு 1962இல் வெளிவந்த டார்சான் படம் ஆகியவற்றில் அவருடைய உழைப்பு உண்டு. ஆண்டர்சனுக்கு ஓராண்டு மூத்தவரான டங்கன், ஆண்டர்சன் நடந்த அதே சேலம் மாவட்டத்தில் இயங்கிய நிறுவனத்தோடு இணைந்து காட்டைத் திரைக்குக் கொண்டுவந்தார் என்பது கருதத்தக்க ஒற்றுமை. எனினும் திரைப்படம் காட்டைக் கதைக்குப் பின்புலமாக்கியது. யானைகளும் புலிகளும் கதாநாயகனின் வீரத்தை அளக்கும் கோலாயின. ஒரு குறிப்பிட்ட ஓடையை அதன் பெயரோடு பார்வையாளர் மனத்தில் நிறுத்தும் பொறுமை அன்றைய வணிகத் திரைக்கு இல்லை; அப்பணியை ஆண்டர்சனின் எழுத்தே செய்தது.

அவருடைய குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. கதையின் விறுவிறுப்புக்காக நிகழ்ச்சிகளைக் கூர்மையாக்கும் பழக்கம் அவருக்கு உண்டு. ஆண்டும் நாளும் பல இடங்களில் தெளிவாக இல்லை. ஊராரை மூடநம்பிக்கையில் மூழ்கியவர்களாகச் சித்திரிக்கும் பக்கங்களுக்கு அடுத்த பக்கத்திலேயே, விளக்க முடியாத மாயங்களைத் தாமே நம்பி எழுதுவார். வேட்டையின் அறத்தை அவர் எவ்வளவு ஆராய்ந்தாலும், துப்பாக்கியே தேவையற்றது என்ற இடத்துக்கு அவர் எழுத்து முழுமையாக வந்து சேரவில்லை. அவ்விடத்திலிருந்தே தொடங்கியவர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான கிருஷ்ணன், துப்பாக்கி ஏந்தாமல் கருப்பு வெள்ளைப் படக்கருவியோடு காடுகளில் அலைந்து, ஆங்கிலத்தோடு தமிழிலும் எழுதியவர். அறிவியல் நுட்பத்தில் கிருஷ்ணனே மேலானவர். ஆனால் காட்டோரத்து ஏழையின் இரவு எப்படி இருந்தது என்பதை அறிய ஆண்டர்சனிடமே திரும்ப வேண்டியிருக்கிறது.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டுக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 1,827 புலிகளே இருந்தன. 1973 ஏப்ரல் 1 அன்று புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. ஆண்டர்சன் 1974 ஆகஸ்ட் 30 அன்று பெங்களூரில் மறைந்தார்; அவர் கண்ட பழைய காடுகளைப் பற்றிய கடைசி நூல் 1976இல் வெளிவந்தது. அவருடைய பள்ளத்தாக்கு பின்னர் ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்காவை உள்ளடக்கிய பாதுகாப்புப் பரப்பின் பகுதியாயிற்று. 2010இல் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 1980களில் ஓசூர், தர்மபுரிக் காடுகளிலிருந்து, அதாவது ஆண்டர்சனும் பைராவும் நடந்த நிலத்திலிருந்து, யானைகள் எல்லை கடந்து சித்தூர் மாவட்டத்துக்கு வந்து தங்கின. அவற்றுக்காக 1990இல் கௌண்டின்யா சரணாலயம் அமைக்கப்பட்டது. சாமலாவை ஆண்ட புலியின் இடத்தில் இன்று சிறுத்தை இருக்கிறது. 2023 ஆகஸ்டில் திருமலைக்கு நடந்து ஏறும் அலிபிரிப் படிவழியில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி சிறுத்தையால் கொல்லப்பட்டபோது, கூண்டு வைப்பதும் நடந்து ஏறுவோருக்குக் கைத்தடி கொடுப்பதும் விவாதமாயின. அவ்விலங்கு ஏன் மனிதரை அணுகியது, அதன் பல்லிலோ பாதத்திலோ என்ன இருந்தது என்ற ஆண்டர்சனின் கேள்வி அதே அளவு உரக்கக் கேட்கப்படவில்லை.

இம்மலைகளில் விலங்குகளால் மட்டுமே மனிதர் இறந்ததில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று, செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லப்பட்டு, சந்திரகிரியை அடுத்த சேஷாசலக் காட்டில் 20 தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் காவல் படையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர். அவர்களில் பலர் திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டங்களின் மலையூர்களைச் சேர்ந்தவர்கள். பிழைப்புக்காகச் சட்டத்தை மீறிக் காட்டுக்குள் நுழையும் ஏழை, பைராவின் காலத்தில் மானுக்காக நுழைந்தான். இக்காலத்தில் எங்கோ இருக்கும் வணிகனின் மரத்துக்காக நுழைகிறான். பைராவுக்கு ஓர் அதிகாரம் கிடைத்தது. அந்த 20 பேரின் ஊர்களுக்கும், அவர்கள் நடந்த வழிகளுக்கும், ரங்கம்பேட்டை, பாக்கராப்பேட்டை, மாமண்டூர்ப் பக்கத்தில் இன்னும் வாழும் முதியவர்களின் காட்டு நினைவுகளுக்கும் அத்தகைய பதிவு தமிழிலும் தெலுங்கிலும் எழுதப்பட வேண்டும்; அதை எழுதத் தகுதியானவர்கள் இவ்விரு மொழிகளையும் வீட்டிலும் கடைத்தெருவிலும் பேசி வளரும் இந்த எல்லைப்புறத்து இளைஞர்களே.